தாயாருக்குச் சென்ற கடிதம்

மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி (ரஹ்) அவர்களின் சரித்திரம்

நம் பகுதி வியாபாரிகளுக்கு இது புதிய விஷயமன்று. சுங்கை புரோங், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் ஆகிய ஊர்களில் மளிகைக் கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்திருப்போரிடம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் வேலைக்கு வந்து சேர்வது நெடுங்காலப் பழக்கம். கடையிலேயே உண்டு, கடை மாடியிலேயே உறங்கி, நோன்பு மாதத்தில் நம்மவரோடு தாமும் பகலில் பசித்திருந்து பார்க்கும் பிள்ளைகள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவன் ஒரு நாள் கடை அடைக்கும் நேரத்தில் தயங்கித் தயங்கி முதலாளியிடம் வந்து, தானும் தீனில் சேர விரும்புவதாகச் சொல்கிறான். வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டால் தலையைக் குனிந்து கொள்கிறான்.

இந்நிலையில் நம்மவர் இருவகையாக நடக்கக் காண்கிறோம். ஒரு சாரார் ஆர்வ மிகுதியால் மறுநாளே கலிமாச் சொல்லிக் கொடுத்துப் பெயரும் சூட்டி விடுகிறார்கள். தாய் தகப்பன் தேடி வந்தால் பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, தமக்கு ஒன்றும் தெரியாதென்று சொல்லி விடுகிறார்கள். மற்றொரு சாரார், நமக்கேன் இந்த வம்பு, தோட்டத்து வியாபாரம் கெட்டுப் போகும் என்று அஞ்சி, பிள்ளையின் வாயை அங்கேயே அடைத்து விடுகிறார்கள். முன்னவர் செய்வது பெற்றோருக்கு அநீதி. பின்னவர் செய்வது பிள்ளைக்கு அநீதி. இவ்விரண்டையும் விட்டு வேறொரு வழியில் நடந்த பெரியோர் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். அவர்கள் கையில் வளர்ந்த பிள்ளையின் சரித்திரத்தைச் சொன்னால் அவர்களைப் பற்றியும் சொன்னதாகும் என்பதனால் இதனை எழுதுகிறோம்.

மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி என்றதும் அரசியல் சரித்திரம் படித்தோருக்குப் பட்டுக் கடித இயக்கம் நினைவுக்கு வரும். காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசாங்கமும், 24 ஆண்டு நாடு கடந்த வாழ்வும் நினைவுக்கு வரும். அவர்கள் 15 வயதில் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு சீக்கியப் பிள்ளை என்பதும், அப்பிள்ளைக்குப் பின்னால் கண்ணீருடன் நின்ற ஒரு தாயார் இருந்தார் என்பதும் அவ்வளவாக எவரும் பேசாத விஷயங்கள். நாம் பேசப் போவது பெரும்பாலும் அதைத்தான்.

பஞ்சாபில், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த சியால்கோட் மாவட்டத்தில், சியான்வாலி என்னும் சிற்றூரில் 1872-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் தேதி அவர்கள் பிறந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் பூட்டா சிங். தந்தையார் ராம் சிங், பிள்ளை பிறப்பதற்கு நான்கு மாதம் முன்னரே இறந்து விட்டார். பாட்டனார் ஜஸ்பத் ராயின் ஆதரவில் தாயும் பிள்ளையும் இரண்டாண்டு இருந்தார்கள். பின்னர் அவரும் மறைந்தார். தாயார் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு தம் தகப்பனார் வீட்டுக்குச் சென்றார். அவரும் காலமானபின், தேரா காஜி கான் மாவட்டத்து ஜாம்பூரில் பட்வாரி உத்தியோகம் பார்த்து வந்த உடன்பிறந்தாரிடம் போய்ச் சேர்ந்தார். பட்வாரி என்றால் நம் கிராமக் கணக்குப் பிள்ளையைப் போன்றவர். கணவனை இழந்து, மாமனாரை இழந்து, தகப்பனை இழந்து, மூன்றாவது கூரையின் கீழ் வந்து நின்ற அந்த அம்மையாரை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். அக்குடும்பம் பரம்பரைச் சீக்கியக் குடும்பமன்று. ராம் சிங் முதலில் இந்துவாக இருந்தவர். தம் மாமனாரின் தூண்டுதலால் சீக்கியரானவர். ஆகவே ஒரு மார்க்கத்தை விட்டு மற்றொன்றுக்குப் போவது அவ்வீட்டார் அறியாத காரியமன்று. ஆயினும் பெரியவர்கள் தம் இஷ்டப்படி செய்ததைப் பிள்ளை தன் இஷ்டப்படி செய்யப் புறப்பட்டால் மனம் பொறுப்பதில்லை. இது எல்லா மார்க்கத்தாருக்கும் பொதுவான குணம். நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

1878-ஆம் ஆண்டில் ஜாம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை படிப்பில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தான். 12 வயதில், 1884-ஆம் ஆண்டில், பள்ளித் தோழன் ஒருவன் அவனிடம் ஒரு நூலைக் கொடுத்தான். துஹ்பதுல் ஹிந்த் என்பது நூலின் பெயர். அதை எழுதியவர் தாமே இஸ்லாத்தில் புதிதாகச் சேர்ந்தவர். உபைதுல்லாஹ் என்று பெயர் பூண்டவர். கொடுத்த தோழனோ முஸ்லிமல்ல, ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த பிள்ளை! பிறகு கோட்லா முகலான் என்னும் பக்கத்து ஊர்ப் பள்ளியைச் சேர்ந்த இந்து நண்பர்கள் வழியாக ஷாஹ் இஸ்மாயில் ஷஹீத் அவர்களின் தக்வியதுல் ஈமான் கிடைத்தது. மூன்றாவதாகத்தான் ஒரு மௌலவி சாஹிபிடமிருந்து, மறுமையைப் பற்றிப் பஞ்சாபி மொழியில் செய்யுளாக எழுதப்பட்ட நூல் ஒன்று கைக்கு வந்தது. பிள்ளைகளை மயக்கி மதம் மாற்றுகிறார்கள் என்று நம்மீது குறை சொல்வோர் உண்டு. இந்தப் பிள்ளையை எந்த முஸ்லிமும் அழைக்கவில்லை. தானே படித்தான், தானே யோசித்தான், மூன்று வருஷம் யோசித்தான். தொழுகையையும் மறைவாகத் தொடங்கி விட்டான். தனக்கு வழி காட்டிய நூலாசிரியரின் பெயரையே தனக்கும் வைத்துக் கொண்டான்.

மேற்படிப்புக்காக வெளியூர் செல்லும்போது இஸ்லாத்தை வெளிப்படுத்தலாம் என்று முதலில் எண்ணியிருந்தான். அதுவரை மனம் பொறுக்கவில்லை. 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி வீட்டை விட்டுப் புறப்பட்டான். கோட்லா முகலானைச் சேர்ந்த அப்துல் காதிர் என்னும் தோழனும், அரபு மதரஸா மாணவர் ஒருவரும் உடன் சென்றார்கள். முஸப்பர்கர் மாவட்டத்துக் கோட்லா ரஹீம் ஷாஹ் என்னும் ஊரில், ஹிஜ்ரி 1304 துல்ஹஜ்ஜு பிறை 9, அரபாத் நாளன்று அவனுக்குச் சுன்னத் நடந்தது. சில நாட்களில் உறவினர் தேடி வருவதாகச் செய்தி எட்டவே, சிந்து மாகாணத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். நடக்கும் வழியிலேயே அந்த மாணவரிடம் அரபு இலக்கணப் பாடத்தையும் ஆரம்பித்து விட்டான். ஓடுகிற பிள்ளை பாடத்தையும் விடவில்லை என்பதிலிருந்தே, அவன் எதைத் தேடி ஓடினான் என்பது விளங்கும்.

சிந்துவில் பர்சூண்டி என்னும் இடத்தில் ஹாபிஸ் முஹம்மது ஸித்தீக் (ரஹ்) என்னும் இறைநேசர் இருந்தார்கள். காதிரிய்யா தரீக்காவின் ஷைகு. பிள்ளை சில மாதம் அவர்களுடைய சமூகத்தில் தங்கி, அவர்களிடமே பைஅத்தும் பெற்றான். ஒரு நாள் ஷைகு அவர்கள், வந்திருந்தவர்கள் கேட்கும்படியாக, உபைதுல்லாஹ் அல்லாஹ்வுக்காக நம்மைத் தன் தாயும் தகப்பனுமாக ஆக்கிக் கொண்டான் என்னும் கருத்தில் சொன்னார்கள். பிறக்கு முன்பே தகப்பனை இழந்த பிள்ளைக்கு அச்சொல் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! அந்த ஒரு சொல்லுக்காகவே பஞ்சாபியான அவர்கள் சிந்துவைத் தம் சொந்த நாடாக வரித்து, ஆயுள் முழுதும் சிந்தி என்றே தம்மைச் சொல்லிக் கொண்டார்கள்.

வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு வீடு. இதை நம்மவர் பலர் மறந்து விடுகிறார்கள். கலிமாச் சொன்ன அன்று கைகுலுக்கக் கூட்டம் கூடுகிறது, புதுக் கைலியும் தொப்பியும் வருகின்றன, படம் எடுக்கிறார்கள். முதல் நோன்புப் பெருநாளன்று அந்தப் பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டான் என்று விசாரித்தால் தெரியும் நம்முடைய லட்சணம்.

இனி இச்சரித்திரத்தின் உயிர்நாடியான இடத்துக்கு வருகிறோம்.

பர்சூண்டியிலிருந்து விடைபெற்ற பிள்ளை, பஹாவல்பூர் சமஸ்தானத்துக் கிராமப் பள்ளிவாசல்களில் ஆரம்ப அரபு நூல்களை ஓதிக் கொண்டு, கான்பூருக்கு அடுத்த தீன்பூர் வந்து சேர்ந்தான். (வட இந்தியாவிலுள்ள பெரிய கான்பூர் வேறு, இது பஹாவல்பூரைச் சேர்ந்த சிற்றூர்.) பர்சூண்டி ஷைகு அவர்களின் முதல் கலீபாவான மௌலானா குலாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் அங்கே இருந்தார்கள். பிள்ளை பத்திரமான இடத்துக்கு வந்து விட்டான். உறவினருக்கோ இருப்பிடம் தெரியாது. நம்மில் ஒருவராயிருந்தால் என்ன செய்திருப்போம்? வாயை மூடிக் கொண்டிருந்திருப்போம். கலீபா அவர்களோ பிள்ளையின் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தார்கள். உம்முடைய பிள்ளை இங்கே இருக்கிறான் என்று அந்த அம்மையாருக்கு அறிவித்தார்கள்.

அம்மையார் வந்தார். ஜாம்பூர் சிந்து நதியின் மேற்கே உள்ளது, தீன்பூர் கிழக்கே. பிள்ளையைத் திரும்ப அழைத்துச் செல்ல அவர் தம்மாலான மட்டும் முயன்றார். அந்தக் காட்சியை எவரும் விரிவாக எழுதி வைக்கவில்லை. மௌலானா அவர்களும் பிற்காலத்தில் தம் வரலாற்றைக் கூறுகையில் இரண்டு மூன்று வரிகளில் முடித்து விட்டார்கள். தாயார் வெகுவாக வற்புறுத்தினார், அல்லாஹ்வின் கிருபையால் தாம் உறுதியாக நின்றோம் என்ற அளவுக்குத்தான் சொன்னார்கள். அதிகம் சொல்ல அவர்களுக்கும் மனம் வரவில்லை போலும்.

கலீபா அவர்கள் செய்தது எவ்வளவு துணிவான காரியம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாயின் கண்ணீரைக் கண்டு பிள்ளை மனம் மாறிப் போயிருக்கலாம். போனால் போகட்டும் என்றல்ல அவர்கள் எண்ணியது. போகக் கூடிய ஈமானாயிருந்தால் அது இப்போதே தெரிந்து விடட்டும் என்றே எண்ணியிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. அதோடு மற்றொன்றும் உண்டு. பிள்ளை உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு தாய் தவித்துக் கொண்டிருக்க, அவருடைய பிள்ளையை வைத்து மார்க்கம் வளர்ப்பது தகாது என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். பிள்ளை ஒளித்து வைக்கப்படவில்லை. எதிரில் நின்று, தாயின் முகத்தைப் பார்த்துத் தன் முடிவைச் சொன்னான். தாயும், தம் பிள்ளையைக் கடத்திச் செல்லவில்லை, அடித்து வைக்கவில்லை, அவன் தானாகவே நிற்கிறான் என்பதைக் கண்ணாரக் கண்டு சென்றார்.

பெற்றோர் வற்புறுத்தினால் மார்க்க விஷயத்தில் கீழ்ப்படிய வேண்டாம், ஆனால் உலக விஷயங்களில் அவர்களோடு நல்லமுறையில் உறவாடுக என்பது திருக்குர்ஆனில் சூரத்து லுக்மான் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் தாயார் மகனைத் திருப்புவதற்காக உண்ணாமல் கிடந்த சம்பவத்தை ஆலிம்கள் பயானில் சொல்லக் கேட்டிருக்கிறோம். மகன் உறுதியாக நின்றதை மட்டும் சொல்லி முடித்து விடுகிறார்களே தவிர, ஆயத்தின் பிற்பகுதியை அவ்வளவாக விளக்குவதில்லை. இணை வைத்துக் கொண்டிருந்த தம் தாயார் மதீனாவுக்கு வந்தபோது, அஸ்மா (ரலி) அவர்கள் என்ன செய்வதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்க, தாயை ஆதரித்து உறவு பேணும்படியே நாயகம் அவர்கள் சொன்னார்கள் என்பது புகாரி ஷரீபில் உள்ள செய்தி. தீன்பூர்க் கலீபா அவர்கள் இதையெல்லாம் ஓதியவர்கள். ஓதியதைச் செய்தும் காட்டினார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. சிலாங்கூர் மாநிலத்து 2003-ஆம் ஆண்டு இஸ்லாமிய சமய நிர்வாகச் சட்டப்படி, 18 வயது நிறையாத ஒருவர் இஸ்லாத்தில் சேர்வதற்குப் பெற்றோரின் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். இஸ்லாமியரல்லாத தம்பதியின் சிறு பிள்ளைகளை ஒருவர் மட்டும் மாற்றுவது செல்லாது, தாய் தகப்பன் இருவர் இசைவும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 15 வயதுப் பிள்ளையைக் கூட்டிக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற அந்த அரபு மாணவரைப் போல இன்று எவரும் நடக்கக் கூடாது. நடந்தால் பிள்ளைக்கும் கேடு, ஜமாஅத்துக்கும் கேடு. அது வேறு காலம், வேறு நாடு. அவ்வயதுப் பிள்ளை நம்மிடம் வந்து கேட்டால், வீட்டாரிடம் சொல்லும்படியும், அவர்கள் இசையாவிட்டால் 18 வயது நிறையும்வரை பொறுத்திருந்து படிக்கும்படியும் சொல்வதே முறை. காத்திருந்ததால் ஹிதாயத்து ஓடிப் போய் விடாது.

வயது வந்தவர் விஷயத்திலும் ஒளிவு மறைவு நல்லதன்று. 2005-ஆம் ஆண்டின் கடைசியில் இந்நாட்டில் ஒருவர் மரணித்தபோது, அவர் இஸ்லாத்தில் சேர்ந்திருந்தார் என்பதை மனைவி ஏற்காமல், மையித்தை அடக்குவது பற்றி நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பதிவுக் காகிதம் அலுவலகத்தில் இருந்தால் போதாது. வீட்டார் காதிலும் விஷயம் விழுந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இல்லாவிட்டால், முதலாளி தாமோ, ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரோ உடன் சென்று, தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி விட்டு வர வேண்டும். ஏச்சும் பேச்சும் கிடைக்கும். வசூலுக்குப் போய் வாங்காத ஏச்சா?

சரித்திரத்துக்குத் திரும்புவோம். 1888-ஆம் ஆண்டில் அவர்கள் ரயிலேறி தேவ்பந்த் தாருல் உலூம் சென்று சேர்ந்தார்கள். அங்கே ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் ஆசிரியராக வாய்த்தார்கள். கங்கோஹ் சென்று மௌலானா ரஷீது அஹ்மது (ரஹ்) அவர்களிடமும் ஹதீஸ் ஓதினார்கள். 1891-ஆம் ஆண்டில் படிப்பை முடித்துக் கொண்டு, தம்மைப் பிள்ளையாக ஏற்ற ஷைகு அவர்களைக் காண ஆவலுடன் பர்சூண்டிக்குத் திரும்பினார்கள். சில நாட்களுக்கு முன்னர்தான் ஷைகு அவர்கள் வபாத்தாகியிருந்தார்கள். இரண்டாவது முறையாகத் தகப்பனை இழந்த பிள்ளை என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் அந்த ஷைகின் மற்றொரு கலீபாவான மௌலானா தாஜ் மஹ்மூது (ரஹ்) அவர்கள், சக்கர் மாவட்டத்து அம்ரோட்டில் இருந்தவர்கள், கைவிடவில்லை. இளைஞரைத் தம்மிடம் அழைத்து வைத்துக் கொண்டார்கள். ஓதுவதற்கும் ஓதிக் கொடுப்பதற்கும் வசதி செய்தார்கள். சக்கர் இஸ்லாமியப் பள்ளி ஆசிரியர் மௌலவி முஹம்மது அஸீம் கான் யூசுப்ஸய் அவர்களின் மகளை நிக்காஹ் முடித்து வைத்தார்கள். நேற்று வந்தவன், குலம் கோத்திரம் தெரியாதவன் என்று அந்த யூசுப்ஸய் குடும்பத்தார் தட்டிக் கழிக்கவில்லை. நம்மிடையே இவ்விஷயத்தில் உள்ள வழக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுகிறோம், வாசகர்களே அறிவார்கள்.

திருமணத்தோடு இன்னொரு காரியமும் நடந்தது. தாயாரும் அங்கே வரவழைக்கப்பட்டார். தீன்பூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிச் சென்ற அந்த அம்மையார், சில ஆண்டுகள் கழித்து மகன் வீட்டுக்கே வந்து, தம் கடைசிக் காலம் வரை மகனோடு இருந்தார். தம் வழக்கப்படியே இருந்தார் என்று மகனார் சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஓர் ஆலிமின் வீட்டில், ஷைகுமாரும் மாணவர்களும் வந்து போகும் வீட்டில், தாயார் தம் பழைய முறைப்படி வாழ்ந்தார். அவரை எவரும் நெருக்கவில்லை. தீன்பூர்க் கடிதம் எழுதப்படாமலே போயிருந்தால் அம்மையார் இந்த வீட்டுக்கு வந்திருப்பாரா? பிள்ளையைத் திருடிக் கொண்டவர்கள் என்று நினைத்த கூட்டத்தாரின் வீட்டுப் படியை எந்தத் தாய் மிதிப்பாள்?

பெயர் விஷயத்திலும் மௌலானா அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஸல்மான் பாரிஸீ (ரலி) அவர்களைப் பின்பற்றி உபைதுல்லாஹ் பின் இஸ்லாம் என்று எழுதுவார்கள். மேலும் விவரம் கேட்போருக்கு உபைதுல்லாஹ் பின் அபீ ஆயிஷா என்பார்கள். இந்த ஆயிஷா வேறு யாருமல்லர். அவர்களுடைய மூத்த சகோதரி ஜீவ்னி. உயிர், வாழ்வு என்ற பொருளுடைய அப்பெயரை அப்படியே அரபியில் பெயர்த்து, அச்சகோதரியின் தகப்பன் என்று தம் தந்தையைக் குறித்தார்கள். தகப்பனார் பெயரையே சொல் என்று எவரேனும் கேட்டுவிட்டால், ராமாவின் மகன், ராயாவின் பேரன் என்று தயங்காமல் சொன்னார்கள். ராம் சிங்கையும் ஜஸ்பத் ராயையும் அவர்கள் ஒளிக்கவில்லை.

இங்கே நம் நாட்டில் புதிதாகச் சேர்பவரின் தகப்பன் பெயரை எடுத்து விட்டுப் பின் அப்துல்லாஹ் என்று எழுதும் வழக்கம் பரவலாக இருந்து வருகிறது. வழக்கம்தானே தவிர மார்க்கக் கட்டளையன்று. வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தகப்பன் பெயராலேயே அழைக்கும்படி சூரத்துல் அஹ்ஸாபில் உத்தரவு வந்தபின், ஸைத் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரோடு சேர்த்து அழைக்கப்படுவது நின்று, ஸைத் பின் ஹாரிஸா என்றே மீண்டும் அழைக்கப்பட்டார்கள். ஒரு தோட்டத் தொழிலாளி, தன் மகன் முஸ்லிமானதைவிட, தன் பெயரை மகன் துடைத்து விட்டான் என்பதற்காகவே அதிகம் அழுவான் என்று நினைக்கிறோம்.

இதன்பின் மௌலானா அவர்களின் வாழ்வு பெரும் வாழ்வாயிற்று; அதைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். 1901-ஆம் ஆண்டில் சிந்துவில் பீர் ஜண்டா என்னும் ஊரில் தாருர் ரஷாத் என்ற மதரஸாவை ஏற்படுத்தி ஏழாண்டு நடத்தினார்கள். 1909-இல் ஷைகுல் ஹிந்த் அவர்கள் அழைக்க, தேவ்பந்த் சென்று ஜம்இய்யத்துல் அன்ஸார் சங்கத்தை நடத்தினார்கள். 1913-இல் டில்லி பதேபூரிப் பள்ளிவாசலில், ஆங்கிலம் படித்த வாலிபர்களுக்குக் குர்ஆன் விளக்கம் கற்பிக்க ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். 1915-இல் ஆசிரியர் கட்டளையை ஏற்றுக் காபூலுக்குப் புறப்பட்டார்கள். நாட்டை விட்டுப் போக அவர்களுக்கு விருப்பமில்லை, கட்டளைக்காகவே போனார்கள். அங்கே அவ்வாண்டு டிசம்பரில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசாங்கத்தில் ராஜா மகேந்திர பிரதாப் தலைவர், மௌலானா பரக்கத்துல்லாஹ் பிரதம மந்திரி, நம் மௌலானா அவர்கள் உள்நாட்டு மந்திரி.

1916 ஜூலையில் மஞ்சள் பட்டுத் துணியில் எழுதி அனுப்பிய கடிதங்கள் வழியில் முல்தானில் ஒரு கான் பஹதூர் கைக்குப் போய், ஆங்கிலேயரிடம் சிக்கின. ஷைகுல் ஹிந்த் அவர்கள் ஹிஜாஸில் கைதாகி மால்ட்டாத் தீவில் 1920 வரை சிறையிருக்க நேர்ந்தது இதன் தொடர்பாகத்தான். அக்கடிதங்கள் போய்ச் சேர வேண்டியிருந்த இடம் சிந்து ஐதராபாத்து ஷைகு அப்துர் ரஹீம் அவர்களிடம். அவர்களும் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களே. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராக விளங்கிய ஆசாரிய கிருபளானியின் உடன்பிறந்தவர். உயிருக்கு ஆபத்தான இரகசியத்தை ஒப்படைக்க, பரம்பரை முஸ்லிம்கள் எத்தனையோ பேர் இருந்தும், புதிதாக வந்த ஒருவரையே தேர்ந்தார்கள்.

1922-இல் காபூலில் காங்கிரஸ் கமிட்டி ஒன்றை அமைத்துத் தலைமை வகித்தார்கள். அவ்வாண்டே ரஷ்யா சென்று சில மாதம் தங்கி, துருக்கியில் மூன்றாண்டு இருந்து, 1926-இல் மக்கா சேர்ந்தார்கள். அங்கே 12 ஆண்டுக்கு மேல் ஓதுவதும் ஓதிக் கொடுப்பதுமாக வாழ்ந்தார்கள். ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களின் நூல்களில் அவர்களுக்கிருந்த ஞானம் அபூர்வமானது. அவர்களுடைய அரசியல் கருத்துக்களை ஏற்காத ஆலிம்கள் பலர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த விவாதம் நமக்கு இங்கே வேண்டியதில்லை. 1939 மார்ச்சில் கராச்சித் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். போகும்போது 43 வயது, திரும்பும்போது 67.

அவர்கள் வளர்த்த பிள்ளைகளில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. லாகூரில் நெடுங்காலம் குர்ஆன் விரிவுரை நடத்தி 1962-இல் மறைந்த மௌலானா அஹ்மது அலி லாகூரி (ரஹ்) அவர்கள் இளமையில் இவர்களிடம் வளர்ந்து ஓதியவர்கள். அவர்களுடைய தந்தையாரும் புதிதாக இஸ்லாத்தில் வந்தவரே. பர்சூண்டியிலும் தீன்பூரிலும் அம்ரோட்டிலும் தாம் பெற்றதை மௌலானா அவர்கள் மற்றொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

கவனித்தால், இந்தப் பெரியோர்கள் கொடுத்தவற்றில் பணம் அவ்வளவாக இல்லை. ஒருவர் இருக்க இடம் கொடுத்தார், ஒருவர் தாயை வரவழைத்தார், ஒருவர் கல்வி கொடுத்தார், ஒருவர் பெண் கொடுத்தார். நம்மிடம் வரும் பிள்ளையைப் பெர்க்கிம் வகுப்புக்கு அனுப்ப வாரம் இரண்டு மாலை வேலையிலிருந்து விடுவிக்க முடியாத முதலாளி, அவன் முஸ்லிமானதைப் பள்ளிவாசலில் பெருமையாகச் சொல்லிக் கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது? சிலர், இனி நீ நம்மவன் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்து விடுவதும் உண்டு. நம்மவன் என்றால் கூட்டித்தானே கொடுக்க வேண்டும்? தோட்டத்தில் இருக்கும் தாய்க்கு அவன் மாதந்தோறும் அனுப்பும் பணம் நிற்காதபடி பார்த்துக் கொள்வதும் முதலாளியின் பொறுப்பே. பணம் நின்றால், மார்க்கம்தான் நிறுத்தி விட்டது என்று அந்தத் தாய் நினைப்பாள்.

நாடு திரும்பிய மௌலானா அவர்கள் டில்லி ஜாமிஆ மில்லிய்யாவில் பைத்துல் ஹிக்மத் என்ற கல்விக் கூடத்தை ஏற்படுத்தினார்கள். உடல் தளர்ந்து விட்டது. 1944-ஆம் ஆண்டில் மகளைப் பார்ப்பதற்காக ரஹீம் யார் கான் பக்கம் பிரயாணம் சென்றவர்கள், வழியில் நோய் முற்றி, ஆகஸ்டு மாதத்தில் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உயிர் பிரிந்த ஊர் தீன்பூர். 56 ஆண்டுகளுக்கு முன்னர் தாயாருக்குக் கடிதம் எழுதப்பட்ட அதே ஊரில், தம் பெரியோர்கள் அடக்கமான மண்ணிலேயே, அவர்களும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.